வாடிக்கையாளருக்கு எப்போதும் 18 வயது

ஆடி பிறந்தால் தமிழ்நாட்டுக் கடைத்தெருக்களில் ஈ ஓட்டுவார்கள் என்பது பழைய பேச்சு. கல்யாணம் இல்லை, கிரகப்பிரவேசம் இல்லை, தாலிக்குப் பொன் எடுக்க ஆள் வராது. அந்த ஒரு மாத மந்தத்தைச் சமாளிக்கத் துணிக்கடைக்காரர்கள் கண்டுபிடித்ததுதான் ஆடித் தள்ளுபடி. செங்கல்பட்டு மாவட்டத்தில், ஜிஎஸ்டி எனப்படும் கிராண்ட் சதர்ன் டிரங்க் சாலையோரத்தில், இந்தக் கணக்குக்கு அடங்காத ஓர் ஊர் இருக்கிறது. பொத்தேரியில் ஆடிதான் அறுவடை. ஊரெல்லாம் கூட்டம் நெரிகிற தீபாவளிக்கு முந்தின நாள் இங்கே தெரு காலியாகக் கிடக்கும்.

ஜூலைக் கடைசியில் ஒரு சனிக்கிழமை காலை பொத்தேரி ரயில் நிலையத்தில் இறங்கிப் பாருங்கள். சுருட்டிக் கட்டிய மெத்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓர் அப்பா நடப்பார். பின்னால் அம்மா ஒரு கையில் நீல வாளி, மறு கையில் துணி மாட்டும் ஹேங்கர் கட்டு. அவர்களுக்கு நாலடி தள்ளி, இவர்களைத் தெரியாதது மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, செல்போனைப் பார்த்தபடி பிள்ளை. கொசுவலை, பூட்டு, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், துணிக்கயிறு, சோப்புப் பெட்டி, நான்கைந்து கிளிப் என்று ஒரு வாளிக்குள் ஒரு குடித்தனமே அடங்கியிருக்கும். பூட்டை மட்டும் அம்மாதான் பார்த்து வாங்குவார். இழுத்துப் பார்த்து, சாவி போட்டுத் திறந்து பார்த்து, இன்னொரு சாவி இருக்கிறதா என்று கேட்டு வாங்குவார். பிள்ளையை முதன்முதலாக வெளியூரில் விட்டுப் போகிற கவலையெல்லாம் அந்தப் பூட்டில் வந்து நிற்கும்.

வியாபாரத்தால் பேர் வாங்கிய புறநகர் என்றால் நமக்குத் தியாகராய நகர்தான் நினைவுக்கு வரும். 1920களில் மாம்பலம் ஏரியைத் தூர்த்துப் போட்ட மனைகளில் குடியிருப்பாகத் தொடங்கி, ரங்கநாதன் தெருவாகவும் பாண்டி பஜாராகவும் வளர்ந்த கதை அது. பொத்தேரி அந்த ரகமில்லை. இங்கே பட்டுப் புடவைக் கடல் கிடையாது, ஏழு மாடி நகைக்கடை கிடையாது. இருப்பவை சின்னக் கடைகள். 10க்கு 12 அடி அறையில் ஜெராக்ஸ் கடை, அதன் படிக்கட்டில் செல்போன் உறை விற்கிறவர், எதிரே பிரெட் ஆம்லெட் வண்டி, பக்கத்தில் ஆந்திரா மெஸ். ஆனாலும் இந்த ரயில் தடத்தில் குடியிருக்கும் எவரிடமும் கேளுங்கள், குறைந்த விலையில் நிறையச் சாமான் ஒரே இடத்தில் வேண்டுமென்றால் பொத்தேரிக்குப் போ என்பார்கள். கல்லூரிப் பிள்ளையின் கைக்காசுக்கு ஏற்றபடி விலை வைத்துப் பழகிய ஊர் இது.

இடத்தைச் சொல்லிவிடுகிறேன். சென்னைக் கடற்கரையிலிருந்து செங்கல்பட்டு போகும் புறநகர் ரயில் பாதையில் கூடுவாஞ்சேரிக்கும் காட்டாங்கொளத்தூருக்கும் நடுவில் இருக்கிறது பொத்தேரி. தாம்பரத்துக்குத் தெற்கே ஏறக்குறைய 15 கிலோமீட்டர். மறைமலைநகர் நகராட்சியைச் சேர்ந்த பகுதி. தண்டவாளமும் நெடுஞ்சாலையும் இங்கே தோளோடு தோள் உரசிக்கொண்டு போகின்றன. பேரிலேயே ஏரி இருக்கிறது, ஊரிலும் ஏரி இருக்கிறது. ஏரிகளின் மாவட்டம் என்று செங்கல்பட்டைச் சொல்வதற்கு இந்தப் பக்கத்து ஊர்ப் பேர்களே சாட்சி. நெல் விளைந்த கிராமத்தில் 1985இல் எஸ்.ஆர்.எம். பொறியியல் கல்லூரி வந்தது. 2002இல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. அதன் பிறகு மருத்துவக் கல்லூரி, மருத்துவமனை, மேலாண்மை, கலை அறிவியல் என்று வளாகம் விரிந்து, நாட்டின் எல்லா மாநிலத்துப் பிள்ளைகளும் வந்து தங்கும் இடமாயிற்று.

மறைமலையடிகள் பேரால் அமைந்த பக்கத்து ஊரான மறைமலைநகர், சென்னையின் நெரிசலைக் குறைக்க அரசு திட்டம் போட்டுக் கட்டிய துணைநகரம். அங்கே தெருக்கள் நேர்க்கோட்டில் இருக்கும், மனைக்கு எண் இருக்கும், தொழிற்பேட்டைக்கென்று தனி இடம் இருக்கும். பொத்தேரிக் கடைத்தெருவை யாரும் திட்டமிடவில்லை. ஒரு டீக்கடை வந்தது. டீ குடிக்க வந்தவனுக்கு நோட்டு வேண்டியிருந்தது, நோட்டுக் கடை வந்தது. நோட்டை நகலெடுக்க ஜெராக்ஸ் வந்தது. நகலெடுக்கக் காத்திருந்தவனுக்குப் பசித்தது. இப்படித்தான் ஒரு கடை இன்னொரு கடையைக் கூட்டிக்கொண்டு வந்தது.

இந்தச் சந்தையின் விசித்திரம் ஒன்றைச் சொல்ல வேண்டும். இதைப் புரிந்துகொண்டால் பொத்தேரியையே புரிந்துகொண்ட மாதிரி. சாதாரணமாக ஒரு மளிகைக்கடைக்காரர் தன் வாடிக்கையாளரோடு சேர்ந்தே வயதாகிறார். அப்பா வாங்கிய கடையில் மகன் வாங்குவான், பேரன் மிட்டாய் கேட்பான். பொத்தேரியில் கடைக்காரருக்கு மட்டும்தான் வயதாகிறது. வாடிக்கையாளருக்கு எப்போதும் 18 வயதுதான். 18இல் வருகிறான், 22இல் போய்விடுகிறான், அந்த இடத்துக்கு இன்னொரு 18 வந்து நிற்கிறது. 1985இலிருந்து கணக்குப் போட்டால் இந்த 40 வருடத்தில் வாங்குகிற கூட்டம் முழுசாகப் பத்துத் தடவை மாறியிருக்கிறது. ஒவ்வொரு நான்கு வருடத்துக்கும் ஒரு முறை கடைக்காரர் புது ஊரில் கடை போட்டவர் மாதிரி, அடியிலிருந்து எல்லாரையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

தொடக்கத்தில் கல்லாவில் இருந்தவருக்கு அந்தப் பிள்ளைகள் ‘தம்பி’. அவர்களுக்கு இவர் ‘அண்ணா’. இன்று அவர் தலை நரைத்துவிட்டது, ஆனால் ‘அண்ணா’ மட்டும் மாறவில்லை. வடக்கிலிருந்து வரும் பிள்ளைகள் முதல் வாரமே கற்றுக்கொள்கிற தமிழ்ச் சொல்லும் அதுதான். தமிழே தெரியாமல் நான்கு வருடம் முடித்துப் போகிறவர்கள் உண்டு, ‘அண்ணா’வும் ‘அக்கா’வும் தெரியாமல் போகிறவர் இல்லை. கடைக்காரர்களோ அதைவிட அதிகம் கற்றுக்கொண்டுவிட்டார்கள். விலையைத் தெலுங்கில் சொல்வார்கள், மிச்சச் சில்லறை இல்லையென்பதை இந்தியில் சொல்வார்கள். ஐந்தாவதோடு பள்ளியை விட்ட ஒருவர், கிராமத்து ஏரிக்கரையைத் தாண்டாமலே மூன்று மொழியில் வியாபாரம் பண்ணுவது எனக்குப் பெரிய கல்வியாகவே படுகிறது. அந்தக் கல்வி வளாகத்துக்கு வெளியே, சம்பளம் கட்டாமல் நடந்த கல்வி.

பொத்தேரியின் வருடம் சித்திரையிலும் தொடங்காது, ஜனவரியிலும் தொடங்காது. கல்லூரி திறக்கிற நாள்தான் இங்கே வருடப் பிறப்பு. முதல் இரண்டு வாரம் மெத்தையும் வாளியும். அடுத்தது டிராயிங் போர்டு, டிராஃப்டர், லேப் கோட்டு, சயின்டிஃபிக் கால்குலேட்டர். மருத்துவ மாணவர்களுக்கு ஸ்டெதாஸ்கோப்பும் வெள்ளைக் கோட்டும். பிறகு ரெக்கார்டு நோட்டுக் காலம். தேர்வு நெருங்கினால் ஜெராக்ஸ் கடைகளில் ராத்திரி வெகுநேரம் வரை இயந்திரம் சூடு தணியாது. சீனியர்களின் கையெழுத்துக் குறிப்புகளைத் தாள் தாளாக நகலெடுத்து, ஸ்பைரல் போட்டு அடுக்கி வைத்திருப்பார்கள். எந்தப் பாடத்துக்கு எவருடைய நோட்டு நல்ல நோட்டு என்பது ஜெராக்ஸ்காரருக்குத் தெரியும். கல்லூரி விழாக்கள் வந்தால் டீஷர்ட் அச்சடிப்பும் ஃபிளெக்ஸும். கடைசி வருடத்தில் புராஜெக்ட் ரிப்போர்ட்டுக்குக் கெட்டி அட்டை, தங்க எழுத்து. அந்த அட்டையை வாங்கிக்கொண்டு போகிறவன் பெரும்பாலும் திரும்ப வருவதில்லை என்பது பைண்டிங் கடைக்காரருக்குத் தெரியும்.

தீபாவளி, பொங்கல் என்றால் விடுதிகள் காலியாகும். அந்தச் சமயத்தில் ஓடுகிற ஒரே சரக்கு டிராலி பெட்டியும் தோள் பையும்தான். தமிழ்நாட்டின் மற்ற ஊர்களில் அதிகம் தேடாத ஹோலிப் பொடி, மாசி பங்குனியில் இங்கே தள்ளுவண்டியில் குவிந்திருக்கும். மே மாதம் தெரு அடங்கும். அதற்குச் சற்று முன்னால் நடக்கிற ஒரு வியாபாரத்துக்குக் கடையே கிடையாது. போகிற சீனியர்கள் சைக்கிள், ஏர்கூலர், மடக்கு மேசை, மின்கெட்டில் எல்லாவற்றையும் ஜூனியர்களுக்குக் கைமாற்றிவிட்டுப் போவார்கள். ஒரே சைக்கிள் மூன்று நான்கு கை மாறி, மூன்று நான்கு பட்டதாரிகளைப் பார்த்துவிடும்.

சந்தையைத் தாங்குவது மாணவர்கள் மட்டும்தான் என்றால் அது பாதி உண்மை. மருத்துவமனைக்குச் சுற்று வட்டாரக் கிராமங்களிலிருந்து வருகிறவர்கள் இருக்கிறார்கள். நோயாளியோடு தங்க வந்தவர் வாங்குவது ஃபிளாஸ்க், துண்டு, பாய், பிரெட், இளநீர். அவருக்குப் பேரம் பேச மனமும் இருக்காது, தெம்பும் இருக்காது. இந்தச் சாமான்களை நியாய விலைக்குக் கொடுக்கிற கடைக்காரருக்கு ஊரில் தனி மதிப்பு உண்டு. சுற்றியுள்ள நிறுவனங்களில் வேலை பார்க்கும் இன்னொரு கூட்டம் சாயங்காலத்தில் வரும். பக்கத்து வல்லாஞ்சேரியில் எஸ்டான்சியா தகவல் தொழில்நுட்பப் பூங்கா இருக்கிறது, ஜோஹோ நிறுவனத்தின் பெரிய வளாகம் அங்கேதான். இன்னும் தெற்கே பரனூரில் மகிந்திரா வேர்ல்டு சிட்டி. மறைமலைநகரில் 1990களின் நடுவில் வந்த ஃபோர்டு கார்த் தொழிற்சாலை 2021இல் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தபோது அந்த அடி இந்தத் தடத்து டீக்கடை வரைக்கும் எட்டியது. ஒரு பெரிய தொழிலை நம்பி வளர்ந்த ஊருக்கு என்ன ஆகும் என்பதைப் பொத்தேரிக்காரர்கள் இரண்டு ஸ்டேஷன் தள்ளி நின்று பார்த்தார்கள்.

அவர்களுடைய சொந்த அடி அதற்கு முந்தின வருடமே விழுந்திருந்தது. 2020 மார்ச்சில் கல்லூரிகள் மூடின. தற்காலிகம்தான் என்று நினைத்து மாணவர்கள் ஒரு பையோடு ஊருக்குப் போனார்கள். மெத்தையும் வாளியும் அறையிலேயே கிடந்தன. கணக்கு நோட்டில் பாக்கியும் கிடந்தது. கொரோனா எல்லாக் கடைத்தெருவையும்தான் மூட வைத்தது, ஆனால் ஊரடங்கு தளர்ந்ததும் தாம்பரத்திலும் செங்கல்பட்டிலும் அரிசி பருப்புக்காவது ஆள் வந்தார்கள். பொத்தேரியில் கடையைத் திறந்தாலும் வாங்க ஆளில்லை, ஏனென்றால் வாங்குகிறவர்கள் பாட்னாவிலும் விஜயவாடாவிலும் தங்கள் வீட்டில் உட்கார்ந்து ஆன்லைனில் பாடம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இடையில் சில மாதம் திறந்தும் மூடியும் போக்குக் காட்டி, 2021 செப்டம்பர் 1ஆம் தேதி தமிழ்நாட்டில் கல்லூரிகள் மறுபடி திறந்தன. நான்கு வருடத்துக்கு ஒரு முறை மாறுகிற கூட்டத்தில் ஒன்றரை வருடம் போனால் அது சின்ன இழப்பில்லை. அந்த இடைவெளியில் படிப்பை முடித்தவர்கள் விடைபெறவே வரவில்லை.

தெருவோர வியாபாரிகளுக்கென்று 2020 ஜூனில் மத்திய அரசு கொண்டுவந்த ஸ்வநிதி கடன் முதல் தவணையாக 10,000 ரூபாய் கொடுத்தது. தள்ளுவண்டிக்கு அது மறு உயிர்தான். ஆனால் வாடகைக் கடைக்காரரின் கதை வேறு. கடை மூடியிருந்தாலும் வாடகை மாதா மாதம் பிறக்கும்.

வாடகையைப் பற்றிச் சொல்லாமல் பொத்தேரியைச் சொல்ல முடியாது. இந்த ஊரில் மிகப் பெரிய சரக்கு இடம்தான். விடுதியில் இருக்கப் பிடிக்காதவர்கள், விடுதியில் இடம் கிடைக்காதவர்கள் எல்லாருக்கும் வீடு வேண்டும். மாடிக்கு மேல் மாடி எழும்பி, பிஜி என்ற பேரில் அறைக்கு மூன்று நான்கு கட்டில் போட்டு வாடகைக்கு விடுகிறார்கள். மூன்று பேருக்கு ஒரு ஃபிளாட் பிடித்துத் தர ஒரு மாத வாடகை தரகு. அட்வான்ஸ் பத்து மாதம் என்பது சென்னைப் பழக்கம். தமிழ்நாட்டின் புதிய வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது அது. வெளிமாநிலத்திலிருந்து வரும் 18 வயதுப் பிள்ளைக்கு இது தெரியாது. சொல்ல வேண்டியவர்களும் சொல்வதில்லை.

பொத்தேரியைத் தனியாகப் பார்த்தால் பாதிதான் தெரியும். இந்த ரயில் பாதை முழுக்கவே ஒரு நீண்ட கடைத்தெரு. 1931இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் மின்சார ரயில் ஓடத் தொடங்கியதிலிருந்து, எந்த ஸ்டேஷனில் கூட்டம் இறங்கியதோ அங்கே கடை முளைத்தது. வடக்கு முனையான கடற்கரை நிலையத்தில் இறங்கினால் பாரிமுனை. காசிச் செட்டித் தெரு, பந்தர் தெரு, கோடௌன் தெரு. பொத்தேரிக் கடைகளில் தொங்குகிற பிளாஸ்டிக் கூடையும் கவரிங் நகையும் ஹேங்கரும் அங்கேதான் மொத்தக் கொள்முதல். விடியற்காலையில் போய்ச் சரக்கெடுத்து, மூட்டை கட்டி, ரயிலில் வெண்டர் பெட்டியில் ஏற்றிக்கொண்டு, கடை திறக்கிற நேரத்துக்கு வந்து சேர்ந்துவிடலாம். பாரிமுனையிலிருந்து பொத்தேரிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல். ஒரு வாளி அவ்வளவு தூரம் பயணம் பண்ணியும் மலிவாக இருப்பதற்கு அந்த ரயில் பெட்டிதான் காரணம்.

மாம்பலத்தில் இறங்கினால் ரங்கநாதன் தெரு. பல்லாவரத்தில் வெள்ளிக்கிழமை மட்டும் கூடுகிற சந்தை. கன்டோன்மென்ட் எல்லையில் பழைய டிரங்க் சாலையில் கூடும் அந்தச் சந்தைக்கு இருநூறு வருடப் பழமை சொல்வார்கள். மாட்டுச் சந்தையாகத் தொடங்கியது என்றும் சொல்வார்கள். இன்று அங்கே பழைய மிக்ஸியிலிருந்து நாற்காலி, ரோஜாச் செடி, ஸ்பேனர், லவ் பேர்ட்ஸ் வரை கிடைக்காத பொருளில்லை. பொத்தேரியில் வீடெடுத்த மாணவர்கள் பழைய மேசையும் நாற்காலியும் தேடிப் போகிற இடம் அது. ஒரே தண்டவாளம், ஒரே வெள்ளிக்கிழமை, கைக்குக் கட்டுப்படியாகிற விலை. அடுத்தது குரோம்பேட்டை. குரோம் லெதர் கம்பெனியால் பேர் பெற்ற ஊரில் இப்போது தி.நகர்த் துணிக்கடைகளின் மாடிக் கட்டடங்கள். அந்தக் கடைகளில் நாளெல்லாம் நின்றே வேலை பார்க்கிறவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாடு சட்டம் திருத்திய நாள், இந்தக் கடைத்தெருக்களின் வரலாற்றில் நான் மிகவும் மதிக்கிற நாட்களில் ஒன்று. அதற்கடுத்துத் தாம்பரம். மேற்குத் தாம்பரத்துச் சண்முகம் சாலையில் காய்கறிக்கும் பூவுக்கும் பாத்திரத்துக்கும் சுற்றுப்பட்டுக் கிராமமெல்லாம் வரும். கடைசியில் செங்கல்பட்டின் பழைய கடைவீதி. அங்கே இன்னும் விவசாயி வந்து கயிறும் மண்வெட்டிக் காம்பும் வாங்குகிறார்.

இந்த வரிசையில் ஒவ்வொரு சந்தையும் ஒரு வகை மனிதருக்கு உரியது. கல்யாண வீட்டுக்காரருக்கு ஒன்று, குடும்பக்காரருக்கு ஒன்று, விவசாயிக்கு ஒன்று. வீட்டை விட்டு முதன்முதலாக வெளியே வந்து, தன் பணத்தைத் தானே செலவழிக்கப் பழகுகிற பிள்ளைக்கு உரியது பொத்தேரி. அதனாலேயே இங்கே கடை வைத்திருப்பவருக்குப் பொறுப்பு கூடுதல்.

இதைக் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. 2024 ஆகஸ்ட் கடைசியில் தாம்பரம் மாநகரக் காவல்துறை நூற்றுக்கணக்கான போலீசாரோடு பொத்தேரி அடுக்குமாடிக் குடியிருப்பில் கஞ்சா சோதனை நடத்தியது. நாடு முழுக்க அது செய்தியானது. மாணவர்கள் சிலர் பிடிபட்டார்கள். அந்தச் செய்திக்குப் பிறகு, பொத்தேரி என்றால் முகம் சுளிக்கிறவர்களைப் பார்க்கிறேன். ஊரையே அப்படிச் சொல்வது அநியாயம். ஆனால் கல்வி நிறுவனத்தைச் சுற்றி 100 கெஜத்துக்குள் புகையிலைப் பொருள் விற்கக் கூடாது என்று 2003ஆம் வருடச் சட்டம் சொல்கிறது. தமிழ்நாட்டில் குட்கா விற்பனைக்கு 2013இலிருந்து தடை இருக்கிறது. ஒரு டீக்கடை வாசலில் சிகரெட் சில்லறையாக விற்கப்படுகிறபோது, எதிரே நிற்பது 18 வயது என்பது விற்கிறவருக்குத் தெரியும். ‘அண்ணா’ என்று கூப்பிட வைத்துக்கொண்டு அதைக் கொடுப்பது தகாது. அண்ணன் என்ற சொல்லுக்கு நம் வீடுகளில் என்ன பொருளோ அதுதான் கடைத்தெருவிலும் பொருள்.

நகராட்சிக்கும் நெடுஞ்சாலைத் துறைக்கும் சொல்ல வேண்டியது வேறு. ஜிஎஸ்டி சாலை இந்தப் பகுதியில் எட்டு வழியாக அகன்றுவிட்டது. 2023 டிசம்பர் 30ஆம் தேதி கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்ததிலிருந்து தென்மாவட்டப் பேருந்துகள் அங்கிருந்து புறப்பட்டு இந்த வழியாகத்தான் தெற்கே பாய்கின்றன. இந்த வேகத்துக்கு நடுவில் ஒரு ஜூஸுக்காகச் சாலையைக் குறுக்கே கடக்கிறார்கள் பிள்ளைகள். ரயில் நிலையத்துப் பக்கம் நடைமேம்பாலம் இருக்கிறது. ஆனால் சந்தை ஒரே இடத்தில் நிற்பதில்லை, சாலையோரமாக நீண்டுகொண்டே போகிறது. நடக்க வேண்டிய இடத்தில் கடை, கடை இருக்க வேண்டிய இடத்தில் இருசக்கர வாகனம், ஆக நடப்பவர் தார்ச் சாலையில். அவ்வப்போது ஆக்கிரமிப்பு அகற்றம் என்று ஜேசிபி வரும். இரண்டு நாள் தெரு விரிந்திருக்கும். மூன்றாம் நாள் வண்டிகள் திரும்ப வரும், ஏனென்றால் அவற்றுக்குப் போக வேறு இடமில்லை.

இதற்கு வழி ஏற்கெனவே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. 2014ஆம் வருடத் தெருவோர வியாபாரிகள் சட்டம், ஒவ்வொரு நகராட்சியும் நகர விற்பனைக் குழு அமைக்க வேண்டும் என்கிறது. அந்தக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். ஐந்து வருடத்துக்கு ஒரு முறை கணக்கெடுப்பு, விற்பனைச் சான்று, விற்பனைக்கென்று குறித்த இடம். அப்புறப்படுத்துவதானால் 30 நாள் முன்னறிவிப்பு. நிலத்தை அளந்து, வண்டிகளுக்கு எண் போட்டு, நடைபாதையை நடைபாதையாக விட்டு, சாலையிலிருந்து உள்வாங்கிய ஒரு சந்தை வளாகத்தைப் பொத்தேரியில் கட்டலாம். தண்ணீர்க் குழாய், கழிப்பறை, குப்பைத் தொட்டி, வெளிச்சம் இருந்தால் போதும், பளிங்குத் தரை வேண்டாம். ராத்திரி 10 மணிக்கு மேல் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு திரும்புகிற பெண்பிள்ளைக்குத் தெருவிளக்கு எரிந்தால் அதுவே பெரிய வசதி.

அதைச் சீக்கிரம் செய்தாக வேண்டும். ஏனென்றால் பொத்தேரிக்கு இப்போது வந்திருக்கிற போட்டி தாம்பரத்திலிருந்தோ குரோம்பேட்டையிலிருந்தோ வரவில்லை. விடுதி வாசலில் மலை மாதிரிக் குவிகிற பார்சல்களில் வந்திருக்கிறது. வாளியும் மெத்தையும்கூடச் செல்போனில் வருகின்றன. ராத்திரி நூடுல்ஸ் பத்து நிமிடத்தில் கேட்டுக்கு வருகிறது. 18 வயதுக்குச் செல்போன் கைப்பழக்கம், அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. கடைக்காரர்களும் மாறியிருக்கிறார்கள். 2016 பணமதிப்பிழப்புக்குப் பிறகு கியூஆர் அட்டை இல்லாத வண்டி இங்கே இல்லை. பத்து ரூபாய் டீக்கும் ஒலிபெருக்கி பணம் வந்துவிட்டது என்று சொல்கிறது. ஆனால் ஊரிலிருந்து பணம் வராத வாரத்தில் ‘அப்புறம் குடு தம்பி’ என்று சாப்பாட்டை முன்னால் வைக்கிற செயலியை இன்னும் யாரும் செய்யவில்லை. தேர்வுக்கு முந்தின ராத்திரி, இந்தப் பாடத்துக்கு இந்த நோட்டை எடு, அது வேண்டாம் என்று சொல்கிற ஜெராக்ஸ்காரரையும் பார்சலில் அனுப்ப முடியாது.

வருகிற ஆடியில் மகனையோ மகளையோ சேர்க்கப் பொத்தேரிக்கு வரப்போகும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. மெத்தையையும் வாளியையும் ஊரிலிருந்து கட்டித் தூக்கிக்கொண்டு வராதீர்கள், முன்கூட்டியே செல்போனிலும் வரவழைத்து வைக்காதீர்கள். இங்கே வந்து, பிள்ளையையும் கூட அழைத்துக்கொண்டு, தெருவில் நடந்து வாங்குங்கள். கடைக்காரரிடம் பிள்ளையின் பேரைச் சொல்லுங்கள். அடுத்த நான்கு வருடம் உங்களைவிட அதிகமாகப் பிள்ளையைப் பார்க்கப்போகிறவர் அவர்தான்.